மறையாக்கப்பட்ட மெய்நிகர் வட்டு

மறையாக்கப்பட்ட மெய்நிகர் வட்டு என்பது, மேகக் கணிமையில் தரவைப் பிறர் படிக்க இயலாத வடிவில் சேமிக்கும் வட்டு ஆகும். மெய்நிகர் வட்டு தனி வன்தட்டு அன்று. பலர் பகிரும் சேமிப்பகத்தில் ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட பகுதியே. அங்குள்ள வன்தட்டு களவுபோனாலும் தரவு வெளிப்படாமல் காப்பதே மறையாக்கத்தின் நோக்கம்.

செயற்படும் முறை

அமேசான் நிறுவனத்தின் ஈ.பி.எஸ். மெய்நிகர் வட்டுகளில் இவ்வசதி 2014-இல் அறிமுகமானது. இதில் 256 பிட் ஏ.இ.எஸ். மறையாக்க முறை பயன்படுகிறது. திறவுகோல்கள் இரண்டு. தரவுத் திறவுகோல், வட்டில் எழுதப்படுவதை மறையாக்குகிறது. முதன்மைத் திறவுகோல், அந்தத் தரவுத் திறவுகோலையே மறையாக்குகிறது. வீட்டுச் சாவியைப் பெட்டியில் பூட்டி, பெட்டிச் சாவியை வேறிடத்தில் வைப்பதைப் போன்றது இது. மறையாக்கப்பட்ட தரவுத் திறவுகோல் வட்டுடனேயே இருக்கும். முதன்மைத் திறவுகோல் தனிச் சேவையொன்றில் காக்கப்படும். மெய்நிகர் கணினியுடன் வட்டை இணைக்கும்போது தரவுத் திறவுகோல் விடுவிக்கப்படுகிறது. வட்டிலிருந்து எடுக்கப்படும் காப்புப்படிகளும் மறையாக்கப்பட்டே இருக்கும்.

வரம்புகள்

கடவுச்சொல்லைத் திருடி, இயங்கும் கணினிக்குள் நுழைந்தவரை மறையாக்கம் தடுக்காது. அவருக்குத் தரவு இயல்பாகவே தெரியும். பயனர் தாம் உருவாக்கிய முதன்மைத் திறவுகோலை நீக்கிவிட்டால், தரவை மீட்க இயலாது. ஆகவே நீக்கக் கோரிய பின் 7 முதல் 30 நாள்கள் வரை காத்திருப்புக் காலம் உண்டு. அதற்குள் கோரிக்கையைத் திரும்பப் பெறலாம்.