உறைக்குள் இருக்க வேண்டிய துப்பாக்கி

பொதிகை மலையின் அடிவாரத்தில், தாமிரபரணி மலையை விட்டிறங்கி வயல்களுக்குப் பாயத் தொடங்கும் இடத்தை ஒட்டி அமைந்த விக்கிரமசிங்கபுரத்திலே, பயிர்ப் பாதுகாப்புக்கென்று முறைப்படி லைசென்ஸ் பெற்ற விவசாயி ஒருவர், தம் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, மறைக்காமல், பட்டப்பகலில் பாபநாசம் சாலை வழியே நடந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கி அவருடையது; அதற்குரிய உரிமம் சட்டைப் பையில் இருக்கிறது; அவர் யாரையும் மிரட்டவும் இல்லை. ஆனாலும் அவர் அடுத்த பஸ் நிறுத்தத்தை எட்டுமுன்பே யாராவது ஒருவர் வி.கே.புரம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்திருப்பார். ஜீப் ஒன்று வந்து அவர் பக்கத்தில் நிற்கும். 'நில்லுங்க அண்ணாச்சி, இது என்ன?' என்று மரியாதையாகவோ, ஏட்டையாவின் அன்றைய மனநிலையைப் பொறுத்து மரியாதை சற்றுக் குறைவாகவோ விசாரணை தொடங்கும்.

அந்த விசாரணையை வெறும் போலீஸ் கெடுபிடி என்று தள்ளிவிட முடியாது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளுள் 32-ஆவது விதி, பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்பவர் அதனை அதற்கென்று அமைந்த உறைக்குள் வைத்து, முழுவதும் மூடப்பட்ட நிலையில், தம் கட்டுப்பாட்டிலிருந்து நழுவாதபடி கொண்டு செல்ல வேண்டும் என்றும், அதனை வீசிக் காட்டுவதோ பொது இடத்தில் சுடுவதோ கூடாது என்றும் விதிக்கிறது. மீறினால் வழக்கு வேறு, லைசென்ஸ் ரத்து வேறு. ஆகவே நம் கற்பனை விவசாயி ஒரு கான்வாஸ் உறையை வீட்டில் விட்டுவிட்டு வந்த குற்றத்துக்கு உள்ளாகியிருக்கிறார். அமெரிக்காவில் பல மாகாணங்கள் பிரஜைகளுக்கு வழங்கியுள்ள, துப்பாக்கியை வெளிப்படையாகத் தாங்கித் திரியும் சுதந்தரம் நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. லைசென்ஸ் என்பது வைத்திருப்பதற்கு அனுமதியே ஒழியக் காட்டிக்கொள்வதற்கு அன்று.

வழிமறிக்கும் போலீஸ்காரரின் அதிகாரம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 19-ஆவது பிரிவிலிருந்து வருகிறது. ஆயுதம் வைத்திருப்பவரிடம் எந்தப் போலீஸ் அதிகாரியும் உரிமத்தைக் காட்டும்படி கேட்கலாம். காட்டத் தவறினால் பெயரும் விலாசமும் கேட்டு, தேவையானால் ஆயுதத்தையும் கைப்பற்றலாம். பெயர் சொல்ல மறுத்தாலோ, சொன்ன பெயர் பொய் என்று தோன்றினாலோ, வாரண்டு இன்றிக் கைது செய்யவும் கூடும். உரிமம் கையில் இருந்தும் நடுத்தெருவில் வாதம் புரிவது புத்திசாலித்தனம் ஆகாது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் போலீசாரின் மனப்பான்மையை உள்ளபடி அறிய விரும்புவோர் சாலையை விட்டு ஸ்டேஷனுக்குள் செல்ல வேண்டும். லைசென்ஸ் வழங்குபவர் மாவட்டத்தில் கலெக்டர். என்றாலும் 13-ஆவது பிரிவின்படி அவர், மனுதாரரின் இருப்பிடத்துக்கு அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பதிகாரியின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். மனுதாரர் மேல் வழக்கு உண்டா, அண்டை வயற்காரரோடு வரப்புத் தகராறு உண்டா, குடிப்பழக்கம் எப்படி, கோயில் கொடையில் யாரோடாவது கைகலப்பு நேர்ந்ததா என்பனவெல்லாம் அந்த அறிக்கைக்குள் வந்து அடங்கும். அறிக்கை குறித்த காலத்துக்குள் வராவிட்டால் அதற்குக் காத்திராமலே கலெக்டர் முடிவு செய்யலாம் என்று சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. என்றாலும் ஸ்டேஷனின் சொல்லைக் கேளாமல் துப்பாக்கியைத் தூக்கிக் கொடுக்கும் துணிச்சல் எந்த அதிகாரிக்கும் எளிதில் வந்துவிடாது. பயிர்ப் பாதுகாப்புக்கு அச்சட்டம் குறிப்பிடும் ஆயுதம், குழல்வாய் வழியே மருந்து கெட்டித்துச் சுடும் பழைய ரகத் துப்பாக்கிதான். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் லைசென்ஸ் மறுக்கலாகாது என்றும் 14-ஆவது பிரிவு சொல்கிறது. ஜமீன்தாருக்கும் மிராசுதாருக்குமே துப்பாக்கி அந்தஸ்தின் அடையாளமாக விளங்கிய தேசத்தில், ஏழை விவசாயியை நினைத்துப் பார்த்து அந்த வரியை எழுதியவர்களைப் பாராட்டத் தோன்றுகிறது.

ஆயுதம் தாங்கிய பிரஜையைக் கண்டால் சர்க்காருக்கு உண்டாகும் கலக்கம் இந்த ஜில்லாவில் நேற்றுப் பிறந்ததன்று. பாளையக்காரர் போர்கள் 1801-இல் முடிவுற்றதும் கும்பினியார் முதற்காரியமாகக் கோட்டைகளை இடித்து ஆயுதங்களைப் பறித்தனர். பின்னர் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும், வெள்ளையருக்கு வேண்டாம் என்ற வேற்றுமையை நாடு முழுவதும் நிலைநாட்டியது. 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் பிரௌனிங் கைத்துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய பிறகு, நெல்லைச் சீமையில் துப்பாக்கி வைத்திருப்பவனை ராஜத்துரோகியாகவே பார்க்கும் பார்வை போலீஸ் இலாகாவில் ஊறிவிட்டது என்று ஊகிப்பது மிகையாகாது. காங்கிரஸ் மகாசபை 1931-இல் கராச்சியில் இயற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. அதே உரிமையை 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் திருத்தமாகக் கொண்டுவந்தபோது, டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை, திருத்தமும் நிறைவேறவில்லை. அந்நியனை எதிர்த்து நின்ற காலத்தில் உரிமையாகத் தோன்றியது, ஆளும் பொறுப்பு கைக்கு வந்ததும் அபாயமாகத் தோன்றியது. அதில் அசத்தியம் இல்லை, அனுபவம் இருக்கிறது.

இன்று லைசென்ஸ்தாரர்கள் போலீசாரை அடிக்கடி சந்திக்கும் சந்தர்ப்பம் தேர்தல்தான். தேதி அறிவித்தவுடன், 'துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படையுங்கள்' என்ற சொல் ஊர் ஊராகப் போகும். கொண்டு போனால் லைசென்ஸ் எண் எழுதிய சீட்டைக் கட்டையில் கட்டி, ரசீது கொடுத்து, மற்றத் துப்பாக்கிகளோடு சுவரோரம் சாய்த்து வைப்பார்கள். எண்ணெய் காணாமல் மாதக்கணக்கில் கிடந்து திரும்பும்போது குழலில் துரு ஏறியிருக்கிறதென்று மனம் நோகும் முதியவர்கள் உண்டு. எல்லாருடைய ஆயுதத்தையும் ஒட்டுமொத்தமாகப் பறிப்பது முறையன்று, கலெக்டரும் காவல் கண்காணிப்பாளரும் அடங்கிய குழு ஒவ்வொருவர் விஷயத்தையும் ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும் என்பது மும்பை உயர்நீதிமன்றத்தின் 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் ஏற்பட்ட நிலை. நடைமுறையில் ஆராய்ச்சியைக் காட்டிலும் ஒப்படைப்பே சுலபம் என்று இரு தரப்பாரும் கருதுவதால், அந்தக் குழுவைப் பற்றிப் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தென் மாவட்டத்துப் போலீஸ்காரருக்குத் தூக்கத்தைக் கெடுப்பது உரிமம் பெற்ற துப்பாக்கியன்று, அரிவாள். விவசாயத்துக்கும் வீட்டுக்கும் மட்டுமே பயன்படும் கருவிகளைச் சட்டம் 'ஆயுதம்' என்ற வரையறைக்குப் புறம்பாக வைத்திருக்கிறது; தென்னை ஏறுபவர் இடுப்பில் செருகிய பாளை அரிவாளுக்கு யார் லைசென்ஸ் கேட்பது? ஆனால் அதே இடுப்பு, அதே அரிவாள், ஜாதிப் பகையால் ஒரு கொலை விழுந்த மறுநாள் மாலை வேறு அர்த்தம் பெற்றுவிடுகிறது. 2021 செப்டம்பரில் அப்போதைய காவல்துறைத் தலைவர் செ. சைலேந்திர பாபு, அரிவாளும் கத்தியும் செய்து விற்கும் பட்டறைக்காரர்கள் வாங்குபவரின் பெயர் விலாசத்தைப் பதிந்து வைக்க வேண்டும் என்று பணித்ததும் இந்தக் கலக்கத்தினாலேதான். ஆயுதத்தின் இனத்தைவிட, அதைத் தாங்கி நிற்பவன் யார், எந்தத் தெருவில் நிற்கிறான் என்பதையே போலீஸ்காரரின் கண் முதலில் எடை போடுகிறது.

அந்த எடைபோடலை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது வேறு கேள்வி. விசாரணைக்கு அழைத்துச் சென்றவர்களின் பற்களைப் பிடுங்கியதாக அம்பாசமுத்திரம் உட்கோட்டத்தில் 2023 மார்ச்சில் எழுந்த புகார்கள் சி.பி.சி.ஐ.டி. வழக்காக மாறியதை இவ்வட்டாரத்து மக்கள் மறக்கவில்லை. பிரஜையைச் சந்தேகிக்கும் காவலர் தாமும் சந்தேகிக்கப்படுகிறார்.

வெளிப்படையாக ஆயுதம் தாங்குவது சட்டபூர்வமான இடங்களில் போலீசார் என்ன நினைக்கிறார்கள்? நம் பக்கத்துக் குடகில், பிரிட்டிஷார் காலந்தொட்டுக் கொடவர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்ற விலக்கு உண்டு. மத்திய சர்க்கார் அதனை 2019-இல் மேலும் 10 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. கைல்போது பண்டிகையன்று துப்பாக்கிக்கு மாலை சூட்டிப் பூஜை செய்கிறார்கள். மரபு கட்டிப்போட்ட துப்பாக்கி ஆதலால் அங்குப் போலீசாருக்கு அது விசேஷச் செய்தியன்று. அமெரிக்காவிலோ அபிப்பிராயம் இரண்டுபட்டது. 2013-இல் அந்நாட்டுப் போலீசார் 15,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஒரு கருத்துக்கணிப்பில் மிகப் பெரும்பாலோர், குற்றப் பின்னணி இல்லாத பிரஜைகள் துப்பாக்கியை மறைவாக எடுத்துச் செல்வதை ஆதரித்தனர். ஆனால் டெக்சாஸில் கைத்துப்பாக்கியை வெளிப்படையாகத் தாங்க அனுமதிக்கும் சட்டம் ஆலோசனையில் இருந்த 2015-இல், கருத்துச் சொன்ன போலீஸ் தலைவர்களுள் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அதனை எதிர்த்தனர். சட்டம் 2016 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. அவ்வாண்டு ஜூலை 7-ஆம் தேதி டாலஸ் நகரில் ஓர் ஊர்வலத்தின்போது ஒருவன் மறைந்திருந்து சுட்டு ஐந்து போலீசாரைக் கொன்றான். ஊர்வலத்தில் 20 முதல் 30 பேர்வரை சட்டப்படியே ரைபிள் தாங்கி வந்திருந்தமையால், குண்டு பாய்ந்ததும் எவன் கொலைகாரன், எவன் ஓடும் பிரஜை என்று பிரித்தறிய முடியாமல் போயிற்று என்று அந்நகரப் போலீஸ் தலைவர் டேவிட் பிரௌன் முறையிட்டார். குற்றமற்ற ஒருவரின் படத்தைச் சந்தேக நபர் என்று போலீசாரே வெளியிட்டுப் பின் திரும்பப் பெற நேர்ந்தது.

இனி விக்கிரமசிங்கபுரத்துக்கே திரும்புவோம். மேலே களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம். கீழே நெல்லும் வாழையும். 2024 மே மாதத்தில் வேம்பையாபுரத்திலும் அனவன்குடியிருப்பிலும் வனத்துறையினர் கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தார்கள். காட்டுப்பன்றியின் அட்டகாசத்துக்கோ பருவமே கிடையாது. 2025 ஜனவரியில் தமிழக சர்க்கார் வகுத்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வந்தால் சுடலாம், அதுவும் வனத்துறையினரே. மலையை ஒட்டிய வயல்காரருக்கு இதனால் கிட்டும் பயன் சொற்பம். அவர் பயிர்ப் பாதுகாப்புக்கென்று பெற்ற துப்பாக்கி, பயிரை அழிக்கும் பன்றியை நோக்கி நீளக்கூடாது. சாலையில் உறையை விட்டு வெளியே தெரியவும் கூடாது. ஆயினும் லைசென்ஸை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க அவர் மனுப் போட வேண்டும். அந்த மனுவின் பேரிலும் நடத்தையைக் குறித்து ஸ்டேஷனிலிருந்து ஒரு விசாரணை வரும்.