நாலு மணி நேர விருது விழா... மனசில் நிற்கும் ஒரு பெயர்!

டி.வி-யில் சினிமா விருது விழா ஓடினால் போதும், மதுரையில் வீட்டுக்கு வீடு நடுவர் குழு கூடிவிடும். "இவனுக்கு எதுக்குடா குடுத்தாய்ங்க?" என்று அப்பத்தா ஆரம்பிப்பார். "வந்தவய்ங்களுக்கெல்லாம் ஒண்ணு உண்டு அப்பத்தா" என்பான் பேரன், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல். சிறந்த நடிகர், மக்கள் விரும்பிய நடிகர் என விருதுகள் நீளும். நடுவில் டான்ஸ், காமெடி, மூச்சுவிடாமல் விளம்பரம். கடைசி விருது வருவதற்குள் பாதி வீடு தூங்கியிருக்கும்.

டெல்லியில் நடக்கும் தேசிய திரைப்பட விருது விழா இதற்கு நேர் எதிர். ஆட்டம் பாட்டம் கிடையாது. பெயரை வாசிப்பார்கள், மேடைக்கு வருவார், விருதை வாங்குவார், இறங்கிவிடுவார். 'பள்ளிக்கூட ஆண்டு விழா மாதிரில்ல இருக்கு' என்று சேனலை மாற்றுபவர்களே அதிகம்.

அப்படி மாற்றியவர்கள், 2023-ல் நம்ம ஊர்ப் பெயர் ஒன்றைத் தவறவிட்டிருப்பார்கள்.

அந்த ஆண்டு அக்டோபர் 17-ம் தேதி, 69-வது தேசிய விருதுகளை ஜனாதிபதி திரௌபதி முர்மு வழங்கினார். அல்லு அர்ஜுன், ஆலியா பட், கிருத்தி சனோன், தாதாசாகேப் பால்கே விருது பெற்ற வஹீதா ரஹ்மான் என்று நட்சத்திரங்களால் நிறைந்த விழா அது. அதே விருதுப் பட்டியலில் 'சிறப்புப் பாராட்டு' என்ற இடத்தில் இருந்த பெயர், நல்லாண்டி. படம், 'கடைசி விவசாயி'.

மதுரையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது உசிலம்பட்டி. அந்தப் பக்கத்து விவசாயிதான் நல்லாண்டி. எண்பது வயதைத் தாண்டியவரைக் கேமரா முன் நிறுத்தியவர், அதே மண்ணைச் சேர்ந்த இயக்குநர் மணிகண்டன். படத்தில் அவர் பெயர் மாயாண்டி. குலதெய்வத் திருவிழாவுக்கு நெல் வேண்டும். ஊரில் விவசாயம் பார்ப்பதோ அவர் ஒருவர்தான். செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காகப் போலீஸ் கேஸில் சிக்குகிறார். அப்போதும் அவர் கவலையெல்லாம் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சுவது யார் என்பதுதான்.

படம் 2022 பிப்ரவரி 11-ம் தேதி தியேட்டருக்கு வந்தது. அதற்கு முன்பே நல்லாண்டி காலமாகிவிட்டார். ரிலீஸையும் அவர் பார்க்கவில்லை, டெல்லி தந்த பாராட்டையும் பார்க்கவில்லை.

விருதுகள் அறிவிக்கப்பட்டபோது தமிழ்நாட்டில் பேச்செல்லாம் வேறு. 'ஜெய் பீம்', 'கர்ணன்', 'சார்பட்டா பரம்பரை' படங்களுக்கு எதுவும் இல்லையே என்ற ஆதங்கம். அது நியாயமான ஆதங்கம்தான். ஆனால், அந்தச் சத்தத்தில் பெரியவரின் பெயர் கொஞ்சம் அமுங்கிப்போனது. சிறந்த நடிகருக்கு அப்போது வெள்ளித் தாமரைப் பதக்கமும் 50,000 ரூபாயும் உண்டு. சிறப்புப் பாராட்டுக்குச் சான்றிதழ் மட்டும்தான். ஒரு படத்தையே தோளில் சுமந்தவருக்கு இவ்வளவுதானா என்று அப்பத்தா கேட்டால், பதில் சொல்வது கஷ்டம்.

மதுரைக்கு இது புதிதல்ல. இங்கே சேவல் சண்டையை வைத்து எடுத்த 'ஆடுகளம்', 58-வது தேசிய விருதில் 6 விருதுகளை அள்ளியது. தனுஷ் சிறந்த நடிகரானது எல்லோருக்கும் தெரியும். பேட்டைக்காரராக நடித்த ஈழக் கவிஞர் வ.ஐ.ச.ஜெயபாலனுக்கும் அன்று சிறப்புப் பாராட்டு கிடைத்தது. அது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்?

'சின்ன' விருதுகளை ஓரங்கட்டுவது ஆஸ்கரிலும் நடந்தது. நேரம் போதவில்லை என்று 2022-ல் 8 பிரிவு விருதுகளை நேரலை தொடங்கும் முன்பே கொடுத்துவிட்டார்கள். சினிமாக்காரர்களே கொதித்தார்கள். மறு வருஷமே எல்லா விருதும் நேரலைக்குத் திரும்பியது. அந்த எட்டில் ஒன்று, குறும் ஆவணப்படப் பிரிவு. 2023-ல் அதே பிரிவில்தான் முதுமலை பொம்மன் - பெள்ளி தம்பதியின் கதையான 'தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்' ஜெயித்தது. பழைய மாதிரியே விட்டிருந்தால், அந்தச் சந்தோஷத்தை நாம் நேரலையில் பார்த்திருக்கவே முடியாது.

பெரிய நட்சத்திரத்துக்குக் கைதட்ட ஊரே இருக்கிறது. ஒரே ஒரு படத்தில் நடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்த ஒரு சம்சாரிக்கு நாம்தான் தட்ட வேண்டும். அடுத்த தடவை விருது விழா ஓடும்போது, பட்டியல் முடியும்வரை ரிமோட்டைக் கீழே வைத்திருங்கள். பக்கத்து ஊர்ப் பெயர் ஒன்று வந்தாலும் வரும்!