நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து ராணிப்பேட்டைக்கு...

மக்களே, நியூ ஜெர்சின்னா நம்மாளுங்களுக்கு ஓக் ட்ரீ ரோடும் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரங்களுக்கு இந்த ஊர்ல இன்னொரு சம்பந்தம் இருக்கு. நான் படிக்கிற ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துல, காலேஜ் அவென்யூ பக்கம், செமினரி பிளேஸ்னு ஒரு சின்னத் தெரு. 1784-ல் ஆரம்பிச்ச நியூ பிரன்ஸ்விக் இறையியல் கல்லூரி அங்கதான் இருக்கு. ரட்கர்ஸே டச்சு ரிஃபார்ம்டு சபைக்காரங்க 1766-ல் தொடங்கியதுதான். அந்தச் சபை அனுப்பின ஆட்கள்தான் ஆற்காட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் வேலூருக்கும் வந்தது.

எனக்கு ஊர் வாலாஜாபேட்டை. பொறந்தது ராணிப்பேட்டை ஸ்கடர் ஆஸ்பத்திரியில. எங்க வீட்டுல யாரும் கிறிஸ்தவர் இல்லை. ஆனா காய்ச்சல்னா ஸ்கடர், கொஞ்சம் பெருசுன்னா வேலூர் சி.எம்.சி. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிஞ்ச மருத்துவம். யாருடா இந்த ஸ்கடர்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. இங்க வந்தப்புறம்தான் தேடிப் படிச்சேன்.

பெரிய ஸ்கடர், அதாவது ஜான் ஸ்கடர், 1793-ல் இதே நியூ ஜெர்சியில ஃப்ரீஹோல்டுங்கற ஊர்ல பிறந்தவர். நியூயார்க்ல நல்லா ஓடிக்கிட்டிருந்த மருத்துவத் தொழிலை விட்டுட்டு 1819-ல் கப்பல் ஏறி யாழ்ப்பாணம் பண்டத்தரிப்புக்கு வந்தார். பிறகு சென்னை. பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் அதே வேலைக்கு வந்தாங்க. மகன் சைலஸ் 1866-ல் ராணிப்பேட்டையில ஆரம்பிச்சதுதான் நான் பிறந்த ஆஸ்பத்திரி. இன்னொரு மகன் ஜான், ரட்கர்ஸ்லயும் செமினரியிலயும் படிச்சவர். அவரோட மகள்தான் ஐடா ஸ்கடர், 1870-ல் ராணிப்பேட்டையில பிறந்தவர்.

இதைச் சொன்னதும் என் ரூம்மேட் (மதுரைக்காரன்) ஒரே வரியில முடிச்சுட்டான். "மச்சி, எல்லாம் ஆள் பிடிக்கிற வேலைடா."

இதை நான் மறைக்கப் போறதில்ல. பெரிய ஸ்கடர் மதம் பரப்பத்தான் வந்தார். மருந்து ஒரு கையில, துண்டுப் பிரசுரம் இன்னொரு கையில. அவங்க அதை ஒளிச்சு வைக்கவும் இல்லை. கேள்வி அதோட முடிஞ்சுடுதாங்கறதுதான்.

யாழ்ப்பாணத்துல அவருக்குப் பின்னால வந்த இன்னொரு அமெரிக்கரைப் பாருங்க, சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847-ல் அங்க வந்தவர். உள்ளூர்ப் பையன்களுக்கு முதல்ல ஆங்கிலத்துலதான் மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். படிச்சு முடிச்சவங்க அரசாங்கச் சம்பளத்தைத் தேடிப் போயிட்டாங்க, கிராமத்துல வைத்தியம் பார்க்க ஆளில்லை. அப்புறம் 1860-கள்ல மனுஷர் தமிழுக்கே மாறிட்டார். தமிழ் கத்துக்கிட்டு, கலைச்சொற்கள் உண்டாக்கி, "இரண வைத்தியம்" (1867), "கெமிஸ்தம்" (1875) மாதிரி புத்தகங்களைக் கொண்டு வந்தார். உடம்பு முடியாம அமெரிக்கா திரும்பின பிறகும் அந்த வேலையை விடலை. நாம இன்னிக்கு ஒரு சொல்லைத் தமிழாக்க நாள் கணக்கா சண்டை போடறோமே, அதை அவர் அப்பவே உக்காந்து செஞ்சிருக்கார்! ஆங்கிலத்துல படிச்சவன் ஊரை விட்டுப் போயிடுவான்னு அவர் கண்டுபிடிச்சதை, நியூ ஜெர்சியில உக்காந்து படிச்சப்ப கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்தது.

ஐடா கதைக்கு வர்றேன். அந்தப் பொண்ணுக்கு மிஷனரி ஆகறதுல இஷ்டமே இல்லை. அமெரிக்காவுல படிச்சுக்கிட்டு இருந்தவர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு 1890 வாக்குல திண்டிவனத்துக்கு வந்தார். சீக்கிரம் திரும்பிடணும்னுதான் நினைப்பு. ஒரே ராத்திரியில மூணு பேர் வந்து கதவைத் தட்டினாங்க. ஒருத்தர் பிராமணர், ஒருத்தர் முஸ்லிம், மூணாவது ஆள் இன்னொரு சாதி இந்து. மூணு பேர் மனைவிக்கும் பிரசவ வலி. அப்பா டாக்டர், வீட்டுலயேதான் இருக்கார். ஆனா ஆம்பளை டாக்டர் தொடக் கூடாது, "நீங்க வாங்கம்மா"ன்னு கேக்கறாங்க. ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடிஞ்சப்ப மூணு பெண்களும் உயிரோட இல்லை.

இந்தக் கதை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். நான் யோசிச்சது அதுக்கு அடுத்த பகுதியைத்தான். அவர் போய் டாக்டருக்குப் படிச்சு, 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில பட்டம் வாங்கினார். நியூயார்க் வங்கிக்காரர் ஷெல் தன் மனைவி நினைவாக் கொடுத்த பத்தாயிரம் டாலரோட 1900-ல் வேலூருக்கு வந்தார். 1902-ல் நாற்பது படுக்கையோட மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. 1909-ல் ஒரு பெஜோ கார் வந்தது. ஊர் ஊரா மரத்தடியில நிறுத்தி வைத்தியம் பார்த்தார். இதோட நின்னிருந்தாலே பெரிய புண்ணியவதின்னு சிலை வச்சிருப்போம்.

ஆனா அவருக்குக் கணக்கு தெரிஞ்சிருந்தது. ஒரு ஆள் ராப்பகலா ஓடினாலும் எத்தனை பிரசவம் பார்க்க முடியும்? தட்டற கதவு ஒண்ணா ரெண்டா? அதனால 1909-ல் நர்ஸ் பயிற்சி, 1918-ல் பெண்களுக்குன்னே மருத்துவப் பள்ளி. மூணு பேர் விண்ணப்பிச்சாலே அதிகம்னு அதிகாரிகள் கிண்டலா சொன்னாங்களாம். வந்தது 151 விண்ணப்பம்! முதல் அணி 1922-ல் தேறி வெளியே வந்தது. இனிமே கதவு தட்டினா எழுந்து போக அந்த ஊர்ப் பொண்ணுங்களே இருந்தாங்க.

அடுத்த சோதனை 1930-களின் கடைசியில. பழைய டிப்ளமா செல்லாது, பல்கலைக்கழகப் பட்டப் படிப்பா மாத்தணும்னு அரசாங்கம் சொல்லிடுச்சு. அதுக்குப் பெரிய பணம் வேணும். எல்லா சபைகளும் சேர்ந்தாத்தான் முடியும், அப்படிச் சேர்ந்தா ஆண்களையும் சேர்த்தாகணும். பெண்களுக்காகன்னு பணம் திரட்டிக் கொடுத்த அமெரிக்கப் பெண்கள் சிலருக்குக் கோபம். பழைய தோழியே பிரிஞ்சார். ஐடா வளைஞ்சு கொடுத்தார். 1942-ல் எம்.பி.பி.எஸ்., 1947-ல் ஆண் மாணவர்கள். அந்தச் சமயத்துலயே பொறுப்பு ஹில்டா லாசரஸ்ங்கற இந்தியப் பெண் மருத்துவர் கைக்குப் போனது. ஐடா 1960-ல் கோடைக்கானல்ல காலமானார். அதுக்கு அடுத்த வருஷம் இந்தியாவின் முதல் திறந்த இதய அறுவை சிகிச்சை அதே சி.எம்.சி.யில நடந்தது. அவர் இல்லாமலேயே.

எனக்குப் பட்டது இதுதான். உதவி செய்யறதுல ரெண்டு வகை இருக்கு. வாங்கறவன் என்னிக்கும் கைநீட்டிக்கிட்டே இருக்கணும், அப்பத்தான் கொடுக்கறவனுக்கு மரியாதை. இது ஒண்ணு. வாங்கறவனே நாளைக்கு எழுந்து நின்னு இன்னொருத்தனுக்குச் செய்யற மாதிரி ஆக்கிட்டு ஒதுங்கிக்கறது இன்னொண்ணு. ஆள் பிடிக்கிறவன் முதல் வகையிலயே நின்னுடுவான். கிறீனும் ஐடாவும் ரெண்டாவதைச் செஞ்சாங்க. அதுக்கான பலம் அவங்களுக்கு எங்கிருந்து வந்ததுன்னு கேட்டா, சந்தேகமே இல்லாம விசுவாசம்னுதான் சொல்லியிருப்பாங்க. பணிவிடை வாங்க வரலை, செய்ய வந்தேன்னு ஏசு சொன்னதா பைபிள்ல வருது. அதுதான் சி.எம்.சி.யின் குறிக்கோளும். எனக்கு அந்த விசுவாசம் இல்லை. அதால நடந்ததை இல்லைன்னு சொல்ல மட்டும் மனசு வரலை.

இது ஏதோ பழங்கதைன்னு நினைக்காதீங்க. சி.எம்.சி.யில சபைகள் மூலமா இடம் வாங்கற பிள்ளைங்க, படிப்பு முடிஞ்சு ரெண்டு வருஷம் மிஷன் ஆஸ்பத்திரிகள்ல வேலை பார்க்கணும். நீட் வந்தப்ப, எங்களுக்கு வேண்டிய சேவை மனசை இந்தப் பரீட்சையால அளக்க முடியாதுன்னு சி.எம்.சி. நின்னது. 2017-ல் நூறு இடத்துல ஒரே ஒருத்தரை மட்டும் சேர்த்தாங்க. 2020-ல் உச்ச நீதிமன்றம், சிறுபான்மை நிறுவனமானாலும் நீட் பொருந்தும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. எந்தப் பக்கம் சரின்னு ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். ஆனா எவ்வளவு மார்க்ங்கறதோட, படிச்சுட்டு எங்க போவேன்னும் ஒரு கல்லூரி கேட்டது எனக்குப் பிடிச்சிருக்கு.

இதே நியூ பிரன்ஸ்விக்ல எலைஜாஸ் ப்ராமிஸ்னு ஒரு சமூகச் சமையலறை இருக்கு, 1989-ல் ஆரம்பிச்சது. பேரே பைபிள்ல வர்ற எலியா தீர்க்கதரிசியோட பேர். பசிக்கிறவங்களுக்குச் சாப்பாடு போட்டதோட நிக்காம, வேலை இல்லாதவங்களுக்குச் சமையல் தொழிலும் கத்துக் கொடுத்தாங்க. அதே கணக்குதான்.

ரூம்மேட்கிட்ட இவ்வளவையும் சொன்னேன். "சரிடா, உன் படிப்பு முடிஞ்சா நீ எங்க போவே?"ன்னு கேட்டான். நியாயமான கேள்வி. பதில் இன்னும் என்கிட்ட இல்லை. உங்ககிட்ட இருந்தா சொல்லுங்க மக்களே.