ஆட்டத்தில் ஓய்வு

2005-ஆம் ஆண்டு ஜனவரியில் ஐதராபாத்தில் பிரீமியர் ஹாக்கி லீக் முதன்முறையாகத் தொடங்கிற்று. சென்னை வீரன்ஸ் உள்ளிட்ட அணிகள் ஆடின. ஐதராபாத் சுல்தான்ஸ் வாகை சூடியது. 2008-ஆம் ஆண்டோடு அந்தத் தொடர் நின்றுபோயிற்று. எனினும் அது கைக்கொண்ட ஒரு முறை நினைவில் வைக்கத்தக்கது.

அக்காலத்தில் ஹாக்கி ஆட்டம் 35 நிமிடம் கொண்ட இரு பகுதிகளாக நடந்தது. லீக்கிலோ, 17½ நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள். மொத்தம் அதே 70 நிமிடந்தான்; ஆனால் ஒரு முறை கிடைத்த இடைவேளை மூன்று முறை கிடைத்தது. வீரர் தண்ணீர் அருந்தலாம். பயிற்சியாளர் பிழையை உடனே திருத்தலாம். 2014-ஆம் ஆண்டில் அனைத்துலக ஹாக்கிக் கூட்டமைப்பும் தன் பெரும் போட்டிகளில் 15 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகளை ஏற்றது.

அந்நாளில் பெரம்பலூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அரியலூரில் நான் ஆசிரியனாக இருந்தேன். முந்திய ஆண்டுப் பங்குனி வெயிலில், ஆடுகளத்திலேயே உட்கார்ந்துவிட்ட மாணவன் ஒருவனைச் சோம்பேறி என்று கடிந்திருந்தேன். தேர்ந்த வீரர்களே இளைப்பாறுவதைத் தொலைக்காட்சியில் கண்டபோது நாணினேன். மறுநாள் அவனிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டு, பயிற்சியை நான்காகப் பிரித்தேன். கடைசிப் பகுதி முடியும்வரை அவன் சளைக்காமல் ஓடினான்.