மாணவர் ஆராய்ச்சிக்கு மண்ணும் நீரும்

நம் சங்கத்து அங்கத்தினர்களின் மக்கள் பலர் இன்று கல்லூரிகளில் விஞ்ஞானம் பயின்று வருகின்றனர். அவர்களிற் சிலர் நுண்பிளாஸ்டிக்கைப் பற்றி ஆராயும்பொருட்டு நம் வாய்க்கால் நீரையும் வயல் மண்ணையும் நாடி வருவதை நாம் காண்கிறோம். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் துணுக்குகளையே இப்பெயரால் அழைக்கின்றனர். 2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்து ரிச்சர்டு தாம்சனும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னரே இச்சொல் எங்கும் பரவலாயிற்று. பாலியஸ்டர் நூல் கலந்து நெய்வோருக்கும், களையை அடக்கப் பாத்தியில் பிளாஸ்டிக் தாள் விரிப்போருக்கும் இஃது அயலார் விஷயமன்று.

மாதிரி எடுப்பதில் முதற்கண் கவனிக்க வேண்டியது, எடுப்பவருடைய ஆடையின் இழை அதில் விழாமையே. கண்ணாடிப் புட்டியும் உலோக மூடியும் கொள்ளுதல் நலம். வடிகட்டிய நீரால் அதனை மும்முறை அலம்புதல் வேண்டும். தறி ஓடும் கூடத்தில் புட்டியைத் திறத்தலாகாது. அங்குக் காற்றே பஞ்சும் இழையுமாய் இருக்குமென்பது நமக்குத் தெரியாததா? ஒருமுறை மாணவர் சிலர் நீரில் நீல இழைகள் மிகுதியாய் இருக்கக் கண்டு பெரிதும் மகிழ்ந்தனர். பிறகு நோக்கியபோது அவை அவர்தம் சீருடையின் இழைகளே என விளங்கிற்று. ஒரு நாளைய உழைப்பு வீணாயிற்று. இதன்பொருட்டே, தூய நீர் மட்டும் நிறைத்த வேறொரு புட்டியையும் அருகில் திறந்து வைத்து, அதனையும் அதே முறைகளால் சோதித்தல் வேண்டும். அதில் எத்தனை இழை காண்கின்றனவோ, அத்தனையும் புறத்தேயிருந்து வந்தவை.

மண்ணாயின் மிதமான சூட்டில் உலர்த்தி, உலோகச் சல்லடையில் சலித்து, எருவும் வேர்த்துணுக்கும் கரைய ஹைட்ரஜன் பெராக்சைடு இடுவர். அது பொங்கிச் சுடக்கூடியது. ஆசிரியர் அருகில் இல்லாமல் செய்யற்க.

அடுத்து, உப்புக் கரைசலில் மிதக்கவிடுதல். நம் கைத்தொழிலுக்கு மிக முக்கியமான இடம் இதுவே. கறியுப்பை இனிக் கரையாதென்னும் அளவு கரைத்தாலும் கரைசலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராம் அளவே. பாலிஎதிலீன் 1-க்கும் குறைந்ததாதலின், பாத்தியில் விரித்த தாளின் துணுக்கு மேலே மிதந்து வரும். பாலியஸ்டரோ ஏறத்தாழ 1.38, அது மண்ணோடு அடியில் தங்கிவிடும். ஆகவே உப்பை மட்டும் நம்பிய மாணவர், நெசவூரின் மண்ணில் பாலியஸ்டர் இல்லையென்று எழுதிவிடக்கூடும். அவ்வறிக்கையைப் படித்து நாமும் கவலையற்றிருப்போம். துத்தநாக குளோரைடுக் கரைசலை 1.5-க்கு மேற்பட்ட அடர்த்தியில் அமைத்தால் பாலியஸ்டரும் மிதக்கும். அது விலை கூடியது, தோலை அரிப்பது, நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. எனவே வடித்தெடுத்து மீண்டும் பயன்படுத்த வேண்டுமேயன்றி வாய்க்காலில் கொட்டலாகாது. கறியுப்பிலும் இத்துகள்கள் இருப்பதுண்டாதலின், எக்கரைசலையும் முன்னரே வடிகட்டிக்கொள்க.

மிதந்தவற்றை வடித்து நுண்பெருக்கியில் நோக்குங்கால், சாயமேற்றிய பருத்தியிழை பிளாஸ்டிக்போலவே தோன்றி மயக்கும். அப்போது பழுக்கக் காய்ச்சிய ஊசியை இழையருகே கொண்டு செல்வர். பிளாஸ்டிக் இழை சுருண்டு உருகும், பருத்தி உருகாது. நூல் நுனியைக் கொளுத்தி, சாம்பலாகிறதா, உருண்டையாகத் திரள்கிறதா என்று நாம் பார்ப்பதும் இதுவே. பெயர் மட்டும் புதிது. இன்ன பிளாஸ்டிக் என்று உறுதியாய்க் கூறுதற்கு அகச்சிவப்புக் கதிர்க் கருவி வேண்டும். அஃது எல்லாக் கல்லூரியிலும் இல்லை.

ஆதலின் மாணவர் வரும்பொழுது நம் அங்கத்தினர் செய்யத்தக்க உதவி ஒன்றுண்டு. அன்று தறியிலுள்ள ஒவ்வொரு நூலிலும் ஒரு சாண் வெட்டி, தனித்தனிக் காகித உறையிலிட்டு, நூலின் பெயரையும் சாயத்தின் பெயரையும் உறைமேல் எழுதிக் கொடுத்தனுப்புக. விவசாயிகள் தாம் விரித்த தாளில் ஒரு துண்டும், அது எந்த ஆண்டு விரித்ததென்னும் குறிப்பும் தரலாம்.