சர்க்கரைப் பதிவேட்டில் வெற்றுக் கட்டங்கள்

இன்சுலின் செலுத்திக்கொள்ளும் நோயாளிகளின் குடும்பத்தினர் பலர், இரத்தச் சர்க்கரை அளவுகளை எக்செல் விரிதாளில் பதிந்து எங்களிடம் கொண்டுவருகின்றனர். மருந்தின் அளவை மாற்றுவதற்கு முன் அந்த எண்களைப் பார்க்கிறோம். எண் இல்லாத கட்டங்களையும் அதே கவனத்துடன் பார்க்கிறோம்.

அளக்காத வேளைக்கு 0 என்று எழுத வேண்டாம். ஊகித்தும் எழுத வேண்டாம். ஒரு நாளின் மூன்று அளவுகள் 130, 150, 140 எனில் சராசரி 140. நான்காம் கட்டம் காலியாக இருந்தால் எக்செல் அதைக் கணக்கில் கொள்ளாது. அங்கே 0 இட்டால் சராசரி 105 ஆகக் குறைந்து எங்களைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

காலியான கட்டங்களை எண்ணுவதற்கு 'கவுன்ட்பிளாங்க்' என்னும் சூத்திரம் உதவும். பி முதல் ஈ வரையுள்ள நெடுவரிசைகளில் வெறும் வயிறு, காலை உணவுக்குப் பின், இரவு உணவுக்கு முன், உறங்கும் முன் என நான்கு வேளைகளும், 2 முதல் 8 வரையுள்ள வரிசைகளில் ஏழு நாள்களும் இருப்பதாகக் கொள்வோம். வேறொரு கட்டத்தில் சமக்குறியிட்டு, சூத்திரத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, அடைப்புக்குறிக்குள் பி2:ஈ8 என்று ஆங்கில எழுத்துகளில் குறிப்பிடுங்கள். 28 கட்டங்களில் எத்தனை காலி என்பது தெரியும். விடை 0 எனில் பதிவு முழுமையானது. இடைவெளிப் பொத்தானை அழுத்திய கட்டம் காலியாகத் தோன்றினும், இச்சூத்திரம் அதைக் காலி எனக் கொள்ளாது, அதை அழித்துவிடுங்கள்.

மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. விடை 7 என்று வைத்துக்கொள்வோம். அவை வாரம் முழுதும் சிதறியிருந்தால் கவலை குறைவு. ஏழும் உறங்கும் முன் அளக்கும் வேளையிலேயே இருந்தால், இரவில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும் ஆபத்தை எங்களால் கணிக்க இயலாது. எனவே ஈ2:ஈ8 என ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியே எண்ணிப் பாருங்கள்.

பரிசோதனைப் பட்டை தீர்ந்தது, நோயாளி உறங்கிவிட்டார் எனக் காரணம் எதுவாயினும் தனி நெடுவரிசையில் எழுதுங்கள். கடிந்துகொள்வதற்காக நாங்கள் அதைக் கேட்பதில்லை. கையிலுள்ள பட்டைகளைக் கொண்டு எந்தெந்த வேளையில் அளப்பது என்பதைச் சேர்ந்து முடிவுசெய்யவே கேட்கிறோம்.