நடுக்கடலில் பழுதானால் மெக்கானிக் யாரு? பாய்மரப் படகில் ஒரு நாள் எப்படிப் போகும்?

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகில் சுற்றிவிட்டு வருபவர்களுக்கு சுரபுன்னை வேர்களும் நிழல் விழுந்த வாய்க்கால்களும் ஞாபகத்தில் நிற்கும். படகு நிற்காது. நல்ல படகுக்கு அதுதான் அடையாளம். ஆனால், வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைத் தொடும் இந்த உப்பங்கழியில் ஒரு படகை அப்படி வைத்திருப்பது சுலபமில்லை. அடியில் கொட்டலசு ஒட்டும், உப்பு இரும்பைத் தின்னும், கயிறு வெயிலில் இற்றுப்போகும்.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. அதில் விரிசல் விட்டால் கரையேற்றி, காயவைத்து, ஃபைபர் துணியை ரெசினில் நனைத்து ஒட்டிவிடலாம். இன்ஜின் மக்கர் செய்தால் ஊரில் மெக்கானிக் இருப்பார்.

சரி, கரையே இல்லாத இடத்தில் பழுதானால்?

இரண்டு பேர், எட்டு மாதம்

பிச்சாவரத்துக்கு வடக்கே சுமார் 70 கி.மீ. தொலைவில் இருக்கும் புதுச்சேரியைச் சேர்ந்தவர் லெப்டினன்ட் கமாண்டர் ரூபா. கோழிக்கோட்டைச் சேர்ந்தவர் லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. இந்தியக் கடற்படையின் இந்த இரண்டு அதிகாரிகளும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்ற 56 அடி பாய்மரப் படகில் புறப்பட்டார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்கா என நான்கு இடங்களில் நின்று, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள். தூரம் சுமார் 25,400 கடல் மைல். கிலோமீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 47,000.

வழியில் ‘பாயின்ட் நீமோ’ பகுதியையும் கடந்தார்கள். எந்தப் பக்கம் போனாலும் அருகில் உள்ள நிலத்துக்கே சுமார் 2,700 கி.மீ. இருக்கும் இடம் அது. அங்கே எது கெட்டாலும் படகில் இருப்பவர்தான் மெக்கானிக், எலெக்ட்ரீசியன், பிளம்பர், தையல்காரர் எல்லாமே.

ஒரு நாள் எப்படிப் போகும்?

இருவர் மட்டும் ஓட்டும் படகில் முழு இரவுத் தூக்கம் கிடையாது. ஒருவர் சில மணி நேரம் காவல் இருக்க, மற்றவர் தூங்குவார். பிறகு மாற்றிக்கொள்வார்கள். காற்று திடீரென வலுத்தால் தூங்குபவரையும் எழுப்பித்தான் ஆக வேண்டும்.

சமைக்கும்போது படகு சாய்ந்துகொண்டே இருக்கும். அதற்கேற்ப அடுப்பும் ஊஞ்சல் மாதிரி ஆடும்படிதான் பொருத்தியிருப்பார்கள். குடிநீர் அளந்துதான். உப்புநீரை நன்னீராக்கும் கருவி கெட்டுப்போனால் மழைநீரைப் பிடிக்க வேண்டியதுதான்.

இதற்கு நடுவே தினமும் தவறாத ஒரு வேலை உண்டு. படகை முன்னிருந்து பின்வரை ஒரு சுற்று பார்ப்பது.

எதையெல்லாம் பார்க்கணும்?

*கயிறு:* பாய்மரப் படகின் முதல் எதிரி புயல் அல்ல, உரசல். ஒரே இடத்தில் பல நாள் உரசும் கயிறு நூல்நூலாகப் பிரிந்து அறுந்துவிடும். அதனால் கயிற்றை அவ்வப்போது கொஞ்சம் நகர்த்தி, உரசும் இடத்தை மாற்றிவிடுவார்கள்.

*பாய்:* விரல் அளவு கிழிசலை ஒட்டுத்துணியும் ஊசிநூலும் சரிசெய்துவிடும். அப்படியே விட்டால் அடுத்த பலத்த காற்றில் முழுப் பாயும் போய்விடும்.

*ஆணி, கொக்கி:* மேல்தளத்தில் ஒரு சின்ன பின் கிடந்தால் அதை எடுத்து எறியக் கூடாது. எங்கிருந்து கழன்றது என்று தேட வேண்டும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பியிலிருந்து விழுந்ததாகவும் இருக்கலாம்.

*மின்சாரம்:* உப்புக் காற்றில் ஒயர் முனைகளில் பச்சை பூக்கும். சுத்தம் செய்யாவிட்டால் விளக்கு, ரேடியோ, தானாகத் திசை பிடிக்கும் ஆட்டோபைலட் என ஒவ்வொன்றாக நின்றுபோகும்.

*அடித்தளம்:* அங்கே தேங்கும் நீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது பழைய பழக்கம். உப்பு கரித்தால் கடல் உள்ளே வருகிறது. கரிக்காவிட்டால் குடிநீர்த் தொட்டி ஒழுகுகிறது. இரண்டுமே கெட்ட செய்திதான்.

பழுது பெரிசானால்?

இதே தாரிணியில் 2017-18இல் ஆறு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றினார்கள். திரும்பும் வழியில் சுக்கான் இயக்கத்தில் கோளாறு ஏற்பட, திட்டத்தில் இல்லாத மொரீஷியஸுக்குப் படகைத் திருப்பிச் சரிசெய்த பிறகே கோவா வந்தார்கள்.

ரூபாவுக்கும் தில்னாவுக்கும் வழிகாட்டியாக இருந்த முன்னாள் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமிக்கு நேர்ந்தது இன்னும் கடுமை. 2018 செப்டம்பரில், தனி ஆளாக உலகைச் சுற்றும் ‘கோல்டன் குளோப்’ பந்தயத்தில், தெற்கு இந்தியப் பெருங்கடல் புயல் அவரது பாய்மரத்தை முறித்தது. முதுகில் பலத்த அடி. நகர முடியாமல் கிடந்தவரை மூன்றாவது நாள் ஒரு பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. எவ்வளவு பராமரித்தாலும் கடல் ஜெயிக்கும் நாளும் உண்டு.

ஆனாலும் அவர் அதே பந்தயத்துக்குத் திரும்பிப் போனார். இந்த முறை, காற்றைக் கொண்டு தானாகத் திசை பிடிக்கும் கருவி வழியில் உடைந்தது. மாற்றுப் பாகம் செய்யப் படகின் கழிவறைக் கதவையே அறுத்துப் பயன்படுத்தினார். 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து பந்தயத்தை முடித்தார்.

பஞ்சு வைத்து அடைத்த கதை

தனியாக, எங்கும் நிற்காமல் உலகை முதன்முதலில் சுற்றியவர் பிரிட்டனின் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1968-69இல் அவர் ஓட்டிய ‘சுஹைலி’ பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட படகு. பயணம் தொடங்கிய சில வாரங்களிலேயே பலகை இடுக்கில் தண்ணீர் கசிந்தது. அவர் கடலுக்குள் குதித்து, நீருக்கடியில் மூச்சுப் பிடித்து, இடுக்கில் பஞ்சை அடைத்தார். நம் ஊர் மரப்படகுத் தச்சர்கள் கரையில் வைத்துச் செய்த அதே வேலைதான். இங்கே அதற்குக் கலப்பற்று என்று பெயர்.

தாரிணியின் உடலும் மரத்தின் மேல் ஃபைபர் போர்த்தி, கோவாவில் கட்டியதுதான். கிள்ளைப் பக்கம் மீன்பிடிப் படகுக்குப் போடும் ஒட்டும், உலகைச் சுற்றிய படகுக்குப் போடும் ஒட்டும் அடிப்படையில் ஒரே கைவேலை. வித்தியாசம் ஒன்றுதான். கரைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று சொல்ல வாய்ப்பு உண்டு.

அடுத்த முறை பிச்சாவரத்தில் படகு ஏறும்போது, லைஃப் ஜாக்கெட் பட்டையை மாட்டிக்கொண்டு, உங்கள் படகைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். எங்காவது புதிதாக ஒட்டுப்போட்ட இடம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். யாரோ நேற்றே பார்த்துச் சரிசெய்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.